லிங்கி மில்லில் நான் எழுதிய மூன்று குற்றங்கள்

போன மாதம் பழைய அலுவலக நண்பர் ஒருவர் ஒரு படிவத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் முப்பத்திரண்டு ஆண்டு வேலை பார்த்த தோட்டக் கம்பெனியில் இப்போது கணினிச் சோதனை இப்படித்தான் நடக்கிறதாம். கேள்வி ஒரே வரி: ‘மின்சாரம் போனாலோ இயந்திரம் பழுதானாலோ உங்கள் கணினி மீண்டு வரத் தயாராக இருக்கிறதா?’ பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஆம், இல்லை. ஒன்றில் டிக் போட்டு அனுப்பிவிட்டால் சோதனை முடிந்தது.

“எந்த மடையன் ‘இல்லை’ன்னு டிக் போடுவான்?” என்று கத்திவிட்டேன். அடுப்படியிலிருந்து என் மனைவி, “யார்கிட்டங்க கத்துறீங்க? போனுகிட்டயா?” என்றாள். ஓய்வு பெற்றவனுக்குக் கத்துவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் காதர். போர்ட்டிக்சன் கடற்கரைச் சாலையில், சி ரூசாவில், என் அப்பா, நாங்கள் கூப்பிடுவது அத்தா, சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். நான் கடையில் நிற்கவில்லை என்பதில் அவருக்கு வருத்தம் உண்டு. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, ஒரு தனியார் கல்லூரியில் இரண்டு ஆண்டு கணினி படித்து, நீலாயில் இருந்த கம்பெனித் தலைமை அலுவலகத்தில் டேப் மாற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். ஒவ்வொரு நாள் வேலையும் முடிந்ததும் அன்றைய விவரங்களை ஒரு டேப்பில் பிரதி எடுத்து, தேதி எழுதி, பெட்டியில் வைக்க வேண்டும். ஐந்து ஆண்டு அதைச் செய்தேன். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் இம்மானுவேல் சாரிடம் போன பிறகுதான்.

இம்மானுவேல் சார் உள்சோதனைப் பிரிவின் தலைவர். தாத்தா காலத்திலிருந்தே தோட்டத்துக் கிராணி குடும்பம், அதாவது ஆப்பீஸ் கணக்கர்கள். குள்ளமான மனிதர், எப்போதும் வெள்ளைச் சட்டை, குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. போகிற இடத்தில் டீ கூடக் குடிக்க மாட்டார். சொந்தமாக ஒரு பிளாஸ்க் கொண்டு வருவார். ஒரு தோட்டத்து ஆப்பீசுக்குள் நுழைந்ததும் அவர் செய்யும் முதல் காரியம், கைக்கடிகாரத்தைக் கழற்றி முகம் மேலே தெரியும்படி மேசையில் வைப்பதுதான். அதைப் பார்த்ததுமே கிராணிகள் டேப் பெட்டியைத் தேட ஆரம்பிப்பார்கள்.

பிறகு சுற்றிலும் பார்த்து மெதுவாகக் கேட்பார்: “இந்த மெஷினப் பத்தி இங்க எல்லாம் தெரிஞ்சவரு யாரு?”

எல்லாரும் ஒருவரைக் கைகாட்டுவார்கள். அவரும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வருவார்.

“நல்லது. நீங்க இன்னிக்குச் செத்துட்டீங்க. போயி காண்டீன்ல தே தாரிக் குடிங்க. நான் கூப்பிடுற வரைக்கும் இந்தப் பக்கம் வரக்கூடாது.”

டீ குடிக்கப் போகிற செத்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு தோட்டத்தில் பெரிய கிராணி கோபித்துக்கொண்டு எங்களோடு மூன்று மாதம் பேசவில்லை. சார் கண்டுகொள்ள மாட்டார். மிச்சமிருப்பவர்கள் பக்கம் திரும்பி, “இப்ப மெஷினு நின்னுபோச்சு. திரும்பக் கொண்டாங்க, பார்ப்போம்” என்று உட்கார்ந்துவிடுவார். “டேப் இருக்கும் சார்”, “அது ஆயிரும் சார்”, “எப்பவும் வேலை செய்யும் லா சார்” எதுவும் அவரிடம் எடுபடாது. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: “காட்டுங்க.”

அவரோடு போன முதல் ஆண்டிலேயே அந்த ஒரு சொல்லின் அருமை தெரிந்துவிட்டது. ரெம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு கிராணி ஒரு நாள் தவறாமல் பிரதி எடுத்திருந்தார். பிரதியை ஆப்பீசுக்கு வெளியே வைக்க வேண்டும் என்பது விதி. மனிதர் விதியை அப்படியே காப்பாற்றினார். டேப்பைத் தன் மோட்டார் சைக்கிளின் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டி, போகிற இடமெல்லாம் கூடவே கொண்டுபோனார். “ஆப்பீஸ் எரிஞ்சாலும் டேப் எங்கூட இருக்கும் சார்” என்று பெருமையாகச் சொன்னார். சார் ‘காட்டுங்க’ என்றார். ஒரு டேப் கூடப் படிக்கவில்லை. நண்பகல் வெயிலில், சூடான எஞ்சினுக்கு மேலே, ஒரு வருடத்து உழைப்பு வெந்து போயிருந்தது. பாவம், அந்த மனிதர் அங்கேயே நாற்காலியில் சரிந்துவிட்டார். சார் முதல்முறையாகத் தன் பிளாஸ்கிலிருந்து ஒருவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

பத்து ஆண்டு அவருக்குக் கீழே இருந்த பிறகு என்னைத் தனியாகவே அனுப்பத் தொடங்கினார். அப்போது எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். விதிப் புத்தகம் எனக்கு மனப்பாடம். குற்றம் கண்டுபிடிக்காமல் ஓர் இடத்திலிருந்து திரும்பினால் சம்பளத்துக்கு வஞ்சகம் செய்துவிட்டதாகத் தோன்றும். அந்த நிலையில்தான் லிங்கி மில்லுக்குப் போனேன்.

லிங்கி ஆற்றுப் பக்கம் இருந்த எங்கள் பாமாயில் ஆலை, செம்பனை எண்ணெய் மில், பழையது. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் உள்ளே வரும்போது எடைப்பாலத்தில் ஏறி நிற்கும். தோட்டத்துப் பேச்சில் அதை ‘டிம்பாங்’ என்பார்கள். உள்ளே போகும்போது ஓர் எடை, குலையை இறக்கிவிட்டு வெளியே வரும்போது ஓர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணினி சீட்டாக அடித்துக் கொடுக்கும். எடை பதியாமல் எந்த லோரியும் குலையை இறக்க முடியாது, சீட்டு இல்லாமல் வெளியே போகவும் முடியாது. குலையோ காத்திருக்காது, வெட்டி ஒரு நாளுக்கு மேல் கிடந்தால் எண்ணெய் கெட ஆரம்பிக்கும். ஆகவே அந்தக் கணினி நின்றால் மில் நிற்கும்.

அதைப் பார்த்துக்கொண்டவர் புஷ்பவல்லி. நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் கணவருக்கு அதே மில்லில் பாய்லர் வேலை. மில்லில் எல்லாரும் அவரைக் ‘கிராணியம்மா’ என்றே கூப்பிட்டார்கள். அந்தக் கணினி அறையைப் பதினாறு ஆண்டுகளாக அவர் ஒருவர்தான் பொறுப்பேற்றுப் பார்த்து வந்தார். தரை அப்படிப் பளபளக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், நானும் கழற்றினேன்.

இயந்திரம் எப்போது நின்றது, எப்போது எழுந்தது என்பதை இயந்திரமே பதிந்து வைத்திருக்கும். அந்தப் பதிவைத் திறந்து பார்த்தேன். ஆண்டுதோறும் ஒருமுறை, ஒரு மாலையில் நிறுத்தப்பட்டு, மறுநாள் காலையில் இயக்கப்பட்டிருந்தது. பத்து ஆண்டுப் பதிவிலும் அதே கதை.

“இது என்னா கிராணியம்மா?”

“ஆயுத பூஜை சார். அன்னிக்கு மில்லுல எல்லா மெஷினுக்கும் லீவு. பாய்லர், டிராக்டர், டிம்பாங் எல்லாத்துக்கும் சந்தனம் வச்சு மால போடுவோம். இதுக்கு மட்டும் வைக்காம இருந்தா நல்லாவா இருக்கும்?”

பூஜை எனக்குப் புதிதல்ல. அத்தா கடை மாவரைக்கும் கிரைண்டருக்குச் சமையல்காரர் ஆண்டுதோறும் சந்தனம் வைப்பார். அத்தா சுண்டலை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த நாள் வரைக்கும் தோசை கிடையாது என்று வாடிக்கையாளரிடம் சொல்வார். என் கோபம் சந்தனத்தின் மேல் இல்லை. தலைமை அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கணினியை நிறுத்துவதா என்பதுதான்.

மேலும் துருவினேன். மறுநாள் விஜயதசமி காலையில் இயந்திரத்தை மறுபடி இயக்குவது புஷ்பவல்லி இல்லையாம். ஆண்டுக்கு ஒருவராக, டிம்பாங் பார்க்கும் முனியாண்டி, ஸ்டோரில் இருப்பவர், ஆப்பீஸ் பெண்கள் என்று யாருக்காவது அந்த மரியாதையைக் கொடுப்பார்களாம். அவர்கள் படித்துச் செய்வதற்காக, எதை முதலில் போட வேண்டும், எதை அடுத்து போட வேண்டும் என்று பதினோரு படிகளைத் தமிழில் எழுதி, அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டியிருந்தார். அட்டையின் நாலு மூலையிலும் மஞ்சள். இயந்திரம் எழுந்த பிறகு பழைய டேப் ஒன்றைப் போட்டு அதிலிருந்து ஒரு நாள் விவரத்தை எடுத்துக் காட்டினால்தான் சுண்டல் விநியோகம்.

நான் உற்சாகமாக எழுதினேன். குற்றம் ஒன்று: அனுமதியின்றி இயந்திரத்தை நிறுத்தியது. குற்றம் இரண்டு: பொறுப்பில்லாதவர்கள் இயந்திரத்தைக் கையாண்டது. குற்றம் மூன்று: இயக்கும் முறையை எல்லார் கண்ணிலும் படும்படி சுவரில் மாட்டியது. அறிக்கையின் ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன், அதுவும் விதி.

தலைமை அலுவலகம் இதற்காகவே காத்திருந்தது போல. நீலாயில் அப்போது ஜெயசீலன் என்பவர் கணினிப் பிரிவின் மேலாளர். சுறுசுறுப்பானவர், கெட்டிக்காரர், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். தம்பின் பக்கம் இருந்த மில்லையும் ஜெம்போல் பக்கம் இருந்த மில்லையும் ஏற்கெனவே நீலாயில் இருந்த பெரிய கணினியோடு இணைத்துவிட்டார். லிங்கி மட்டும்தான் பாக்கி. என் அறிக்கையைத் தூக்கிக் காட்டி, லிங்கி அறையை மூடிவிடலாம், இயந்திரத்தைப் பழைய சாமான் எடுப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று இயக்குநர்களிடம் சம்மதம் வாங்கினார். புஷ்பவல்லிக்கு நீலாயில் கோப்பு அடுக்கும் வேலை. வர விருப்பமில்லை என்றால் விலகிக்கொள்ளலாம்.

அந்தக் கடிதம் போன மறுநாள் அவர் எனக்குப் போன் செய்தார். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“சார், ஒங்க ரிப்போட்ட நாலு தடவ படிச்சேன். நான் என்னா தப்பு பண்ணேன்னு நல்லா எழுதியிருக்கீங்க. அந்தத் தப்பால எந்த லோரி நின்னுச்சுன்னு மட்டும் எழுதலையே?”

விதி, நடைமுறை என்று ஏதோ உளறினேன்.

“சரி சார். அந்த மெஷின நான் சாமிக்காக நிறுத்தல. மொத வருசம் சாமிக்காகத்தான் நிறுத்துனோம். மறுநாளு அது எந்திரிக்கவே இல்ல. அர நாளு லோரியெல்லாம் ரோட்டுல நின்னுச்சு, மானேஜரு என்னயப் பேசுன பேச்சு இன்னும் காதுல இருக்கு. அதுக்கப்புறம் பயத்துக்காகத்தான் வருசா வருசம் நிறுத்துறேன். எந்திரிக்குதான்னு பார்க்கணும்ல? அந்த அட்டையும் அன்னிக்கு எழுதுனதுதான்.”

போனை வைத்துவிட்டார்.

நேராக இம்மானுவேல் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் அறிக்கையை எடுத்து நிதானமாகப் படித்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். “காதர், லிங்கிய அளந்துட்ட. நீலாய அளந்தியா?” என்று மட்டும் கேட்டார்.

நீலாய் எங்கள் தலைமை அலுவலகம். மாடியில் நாங்கள், கீழே அந்தக் கணினி. அதை யாரும் நிறுத்திப் பார்த்ததே இல்லை. சார் அன்றே இயக்குநர்களுக்கு எழுதினார்: லிங்கியை மூடுவதற்கு முன் நீலாய்க் கணினியை ஒருமுறை முழுதாக நிறுத்தி, திரும்ப எழுப்பிக் காட்ட வேண்டும். மில்களுக்கு விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிக்கப்பட்டது.

ஜெயசீலனுக்கு ஒரு துளி பயமில்லை. “எங்க மெஷினு நாலு வருசமா ஒரு நிமிசம் கூட நின்னதில்ல சார்” என்றார்.

“அதுதான் எனக்குப் பயமா இருக்கு” என்றார் சார்.

ஜெயசீலன் சிரித்துவிட்டு, லிங்கி இயந்திரத்தைத் தூக்கிப்போக அதற்கு அடுத்த நாள், திங்கட்கிழமைக் காலைக்கே லோரி சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை எட்டு மணி. சார் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். நீலாய்க் கணினி நிறுத்தப்பட்டது. நான்கு ஆண்டாக ஓயாமல் இரைந்துகொண்டிருந்த அறை திடீரென்று அமைதியானது. அரை மணி நேரம் கழித்து, “எழுப்புங்க” என்றார் சார்.

இரண்டு பெரிய பெட்டிகள். ஒன்றில் விவரங்கள் சேமித்த தட்டுகள், மற்றதில் கணினி. எதை முதலில் போடுவது என்பதில் ஜெயசீலனின் ஆட்களுக்கே இரண்டு கருத்து இருந்தது. கணினியை முதலில் போட்டார்கள். அது தட்டுகளைத் தேடிப் பார்த்துவிட்டு, காணோம் என்று நின்றுவிட்டது. மறுபடி நிறுத்தி, தட்டுகளை முதலில் போட்டார்கள். நான்கு ஆண்டு சுழன்றே பழகிய தட்டுகள் ஒருமுறை ஆறிப்போனதும் இரண்டு தட்டு சுழல மறுத்தன. அதைச் சரிசெய்ய உள்ளே நுழைவதற்கு ஒரு கடவுச்சொல் வேண்டும். அது தெரிந்தவர் சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போய் ஓர் ஆண்டாகிவிட்டது. அவருடைய பழைய எண் வேறு யாரோ ஒரு சீனக் கிழவியிடம் இருந்தது. பாவம், மூன்று தடவை பொறுமையாகப் பதில் சொன்னார்.

பதினொரு மணிக்கு ஜெயசீலன் சட்டை முழுக்க வியர்வை. ஒரு மணிக்கு அவர் பேச்சு நின்றுவிட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்குத் தம்பினிலும் ஜெம்போலிலும் லோரிகள் வரிசைகட்டும், சீட்டு அடிக்கக் கணினி இல்லை.

“நேத்து சாயங்காலம் எடுத்த பிரதி எங்க இருக்கு?” சார் கேட்டார்.

ஜெயசீலன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “லிங்கில சார்.”

பிரதியை வேறு ஊரில் வைக்க வேண்டும் என்பதால், சனிக்கிழமைதோறும் நீலாய் டேப்பை லிங்கி மில்லின் இரும்பு அலமாரிக்கு அனுப்புவது வழக்கமாக இருந்தது. மறுநாள் மூடப்போகிற அறைக்கு.

நானும் சாரும் ஜெயசீலனும் ஒரே காரில் லிங்கிக்குப் போனோம். வழியில் நான் புஷ்பவல்லியை எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று கணக்கில்லை. மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. மில் வாசலில் டிம்பாங் பார்க்கும் முனியாண்டி விடுமுறைக் காவலுக்கு நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், வாயில் எப்போதும் ஒரு பல்குத்தி இருக்கும்.

“கிராணியம்மாவா? பாஹாவ்ல அவுங்க நாத்தனார் மவ கல்யாணம் சார். போன் கைப்பையில கெடக்கும். நாதஸ்வரச் சத்தத்துல எங்க கேக்கப் போவுது?”

எல்லாம் தெரிந்தவர் இல்லாத நாளில் போய் மாட்டிக்கொண்டோம். சார் மட்டும் முனியாண்டியையே பார்த்தார்.

“நீங்க இந்த மெஷின எழுப்பியிருக்கீங்களா?”

“மூணு வருசத்துக்கு முந்தி என் மொற சார். போன வருசம் ஸ்டோர் தம்பி மொற.”

“பழைய டேப்ப எடுத்துப் படிச்சிருக்கீங்களா?”

“படிக்காம சுண்டல் குடுப்பாங்களா அந்தம்மா?”

சார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். மணி மூன்று. “காட்டுங்க” என்றார்.

மில் மானேஜர் தன் பங்களாவிலிருந்து வந்து, பூட்டி வைத்திருந்த கடவுச்சொல் உறையைத் திறந்து கொடுத்தார். தூக்கிப்போவதற்காக இயந்திரத்தை முந்தின நாளே நிறுத்தி வைத்திருந்தார்கள். முனியாண்டி சுவரில் இருந்த அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் குற்றம் என்று எழுதிய அதே அட்டை. ஒவ்வொரு படியையும் சத்தமாகப் படித்து, விரலால் தொட்டு, செய்து, அடுத்ததற்குப் போனார். அவசரமே இல்லை. நீலாய் டேப்பைப் போட்டதும் இயந்திரம் இழுத்து இழுத்துப் படிக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் எனக்கு அத்தனை இனிமையாக இருந்தது. ஜெயசீலன் என் கையைப் பிடித்துக்கொண்டார். எப்போது பிடித்தார் என்று எனக்கே தெரியாது.

முக்கால் பங்கு வந்ததும் நின்றுவிட்டது. இடம் போதவில்லை என்றது திரை. அட்டையில் அதற்குப் படி இல்லை. முனியாண்டி பல்குத்தியை எடுத்துவிட்டு, “இது நமக்குத் தெரியாது சார்” என்றார்.

அப்போதுதான் வாசலில் ஒரு கார் நின்றது. அரக்குப் பட்டுச் சேலை, தலை நிறைய பூ, கையில் தாம்பூலப் பையோடு புஷ்பவல்லி இறங்கி வந்தார். என் இருபது அழைப்புகளையும் கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பார்த்தாராம். அவர் வாசலில் நின்று முதலில் பார்த்தது என்னை, அடுத்து ஜெயசீலனை. இரண்டு பேருக்கும் தலை நிமிரவில்லை.

“எந்த மில்லு?”

“தம்பினும் ஜெம்போலும்மா” என்றார் சார். “ரெண்டும் நாளைக்குக் காலையில நிக்கப் போவுது. இது உங்க வேலையில்ல. செய்யணும்னு ஒங்களுக்குக் கட்டாயமும் இல்ல.”

புஷ்பவல்லி தாம்பூலப் பையை முனியாண்டியிடம் கொடுத்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். விஜயதசமிப் பயிற்சிக்காக ஆண்டாண்டாக எடுத்துப் பார்த்த பழைய விவரங்களெல்லாம் ஒரு மூலையில் சேர்ந்து கிடந்தன. அவற்றைத் துடைத்தார். இடம் கிடைத்தது. டேப் மறுபடி ஓடியது. அது ஓடி முடிவதற்குள் இரண்டு மில் ஆட்களையும் போனில் கூப்பிட்டு, அவர்களுடைய டிம்பாங் கணினி நீலாயைத் தேடாமல் லிங்கியைத் தேடும்படி எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்.

நான் மில்லின் தொழுகை அறையான சுராவில் மாலை மக்ரிப் தொழுதுவிட்டுத் திரும்பியபோது தம்பின் மில்லின் பெயரும் ஜெம்போல் மில்லின் பெயரும் லிங்கித் திரையில் வந்திருந்தன. சார் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். “நாலு மணி நேரம் நாப்பது நிமிசம்” என்றார். அத்தனை ஆண்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நாங்கள் எல்லாரும் மறுபடி லிங்கியில் இருந்தோம். தம்பின் மில்லில் முதல் லோரி ஏறியது; எங்கள் திரையில் எடை விழுந்தது. அடுத்த நிமிடமே ஜெம்போல். அப்புறம் லிங்கியின் சொந்த லோரிகள். மூன்று மில்லும் ஒரே அறையிலிருந்து, அந்தப் பழைய இயந்திரத்திலிருந்து ஓடின. ஜெயசீலன் கைதட்டினார், முனியாண்டி விசிலடித்தார். அந்த அறையை மூடுவதற்குக் காகிதம் எழுதிக் கொடுத்தவன் நான்.

புஷ்பவல்லியிடம் போய், “கிராணியம்மா, நான் எழுதுனது மூணும் தப்பு” என்றேன்.

“வாயில சொன்னா பத்தாது சார். மூணையும் அடிச்சுட்டு எழுத்துல குடுங்க. அடியில கையெழுத்தும் போடுங்க.”

“இன்னிக்கே குடுக்குறேன்.”

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் ஒரு பெரிய லோரி வந்து நின்றது. டிம்பாங் மேல் ஏறி, எடை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தது. மில்லுக்குள் வரும் எந்த லோரிக்கும் அதுதான் முறை. இரண்டு பேர் தள்ளுவண்டியோடு இறங்கினார்கள்.

“கம்பூட்டரு தூக்க வந்திருக்கோம்கா. எது அக்கா?”

எல்லாரும் ஜெயசீலனைப் பார்த்தோம். அவர் ஒரு கணம் அந்த இயந்திரத்தைப் பார்த்தார். மூன்று மில்லின் எடைகள் ஒன்றன் கீழ் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன.

“இத இல்லண்ணே” என்றார். “இதத் தொட்டீங்கன்னா என் வேல போயிரும். நீலாய்ல ஒண்ணு சும்மா நிக்கிது, வேணும்னா அதத் தூக்கிட்டுப் போங்க.”

வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. புஷ்பவல்லி அவர்களுக்குக் கல்யாண வீட்டு லட்டும் டீயும் கொடுத்து அனுப்பினார். வெளியே போகும்போது லோரி மறுபடி டிம்பாங் மேல் ஏறி நின்றது. அவரே உட்கார்ந்து சீட்டை அடித்தார். கிழித்து எடுத்துப் பார்த்தார். பார்த்தபடியே கண்ணீர் வழியச் சிரித்தார். பிறகு அதை என் கையில் கொடுத்தார்.

உள்ளே வந்த எடையும் வெளியே போகும் எடையும் ஒன்றாகவே இருந்தன. கடைசி வரியில், ஏற்றிச் சென்ற சரக்கின் நிகர எடை: பூஜ்யம். அன்று மாலை இயக்குநர்களுக்கு நான் எழுதிய திருத்த அறிக்கையில், லிங்கி அறை இருக்கும் இடத்திலேயே இருக்கிறது என்பதற்கு ஆதாரமாக அந்தச் சீட்டைத்தான் இணைத்தேன்.